மகிழ்ச்சி எனும் நிலையம்

ஜப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவில், ஒபிஹிரோ நகரின் புறத்தே, வயல்வெளியில் ஒரு சிறு மரக்கூடம் நிற்கிறது. கோஃபுகு இரயில் நிலையம். அச்சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள்.

அந்நிலத்தின் தொல்குடியினரான ஐனு மக்கள் அங்குள்ள ஆற்றைச் 'சத்-நை' என்றனர். வறண்ட ஆறு என்பது பொருள். குடியேறிய ஜப்பானியர் அவ்வொலிக்கு இரண்டு எழுத்துகளைப் பொருத்தினர். அவற்றுள் முதலாவது நற்பேற்றைக் குறிப்பது. பின்னர், ஃபுகுய் மாகாணத்திலிருந்து வந்தோர் மிகுந்தமையால், அம்மாகாணப் பெயரின் முதலெழுத்து இரண்டாவதன் இடத்தில் அமர்ந்தது. வறண்ட ஆறு இவ்வாறு மகிழ்ச்சியாயிற்று.

1956இல் திறக்கப்பட்ட, பணியாளரில்லாத இந்நிலையத்தை 1973இல் தொலைக்காட்சிப் பயணத்தொடர் ஒன்று நாடறியச் செய்தது. அதே தடத்திலிருந்த மற்றொரு நிலையம் ஐகோகு. அச்சொல் நாட்டுப்பற்றைக் குறிப்பது. எழுத்தெழுத்தாகப் படித்தோர் அதனைக் 'காதல் நாடு' எனக் கொண்டனர். காதல் நாட்டிலிருந்து மகிழ்ச்சிக்குச் செல்லும் பயணச்சீட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. வாங்கியோருள் பலர் வண்டியேறவில்லை, சொற்களையே வாங்கினர்.

தடத்தின் வாழ்வையோ பயணிகளின் எண்ணிக்கையே முடிவு செய்தது. 1987 பிப்ரவரியில் ஹிரோ தடம் மூடப்பட்டது. பழைய மரங்களைக் கொண்டு 2013இல் கூடம் புதுப்பித்துக் கட்டப்பட்டது.

பெயர் கூடத்தைக் காத்தது, வண்டியைக் காக்கவில்லை. அப்பெயருக்கடியில் மறைந்த ஐனுச் சொல்லோ, சத்சுனை ஆற்றின் பெயரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.