தூளியும் டோலியும்

குழந்தைக்குச் சேலையில் கட்டுவது தூளி; நடக்க முடியாதவரைக் கம்பில் தொங்கவிட்டுச் சுமப்பது டோலி. இரண்டையும் ஊஞ்சலைக் குறிக்கும் 'தோலா' என்ற வடசொல்லோடு இணைப்பார்கள். ஆங்கிலேயப் படை டோலியை 'டூலி' என்றது. காயம்பட்ட சிப்பாய்களைக் களத்திலிருந்து கொண்டுவந்தது அதுதான். 1899இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய போயர் போரில் காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில், அடிபட்டவர்களைத் தோளில் சுமந்தோரில் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு.

சொல்லுக்குள் இருக்கும் ஊஞ்சல்தான் அந்தக் கருவியின் குறையும். துணி தொய்யும், உடல் வளையும். காய்ச்சல்காரருக்கு அதனால் கேடில்லை. படகில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட மீனவருக்கு அது பெரும் ஆபத்து. பாக் நீரிணையின் கரையோரம் ஆழமில்லாததால், பல படகுகள் கரையைவிட்டுத் தள்ளியே நங்கூரமிடுகின்றன. அங்கிருந்து அவரைச் சேலையிலோ வலையிலோ தூக்கிவரக் கூடாது. தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் அசையாமல் இருக்க வேண்டும். 'ஸ்கூப் ஸ்ட்ரெச்சர்' அதற்காகவே செய்தது: நீளவாக்கில் இரண்டாகப் பிரியும், ஆளைப் புரட்டாமல் இருபுறமும் நுழைத்துப் பூட்டிவிடலாம்.

இதே கடற்பகுதியிலுள்ள ராமேசுவரம் தீவுக்கு ரயில் பாலம் 1914இல் வந்தது. சாலைப் பாலமோ 1988இல்தான். அதுவரை ஆம்புலன்ஸ் தீவிலிருந்து எதிர்க்கரையிலுள்ள மண்டபத்துக்கு நேரே கடக்க வழியில்லை, ரயிலோ படகோதான். இன்று வண்டி கடக்கிறது. ஆனால் படகிலிருந்து வண்டிவரையிலான அந்தச் சில நூறு அடிகளுக்காக, ஒவ்வொரு மீன்பிடித் துறையிலும் ஒரு ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் இருந்தாக வேண்டும்.