ஆவாரையும் சிறுகுறிஞ்சானும்: ஆய்வுக்கூடம் சொன்னது என்ன?

திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை வழியே கிரிவலம் போகிறவர்களில், மூலிகைப் பொடி விற்பவரிடம் "சர்க்கரைக்கு எது கேட்கும்?" என்று விசாரிப்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆவாரை வறண்ட மண்ணில் தானே வளரும் செடி. நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் கொடுப்பது சித்த மருத்துவ மரபு. அந்த மரபை நம் பல்கலைக்கழகங்களே சோதித்திருக்கின்றன.

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளை எலிக்குச் செலுத்தினால், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து இரத்தச் சர்க்கரை ஏறும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாரியும் லதாவும் அத்தகைய எலிகளுக்கு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை 30 நாள் கொடுத்தார்கள். கிலோ எடைக்கு 0.45 கிராம் பெற்றவற்றில் சர்க்கரை நன்றாக இறங்கியது. ஆய்வு 2002இல் வெளியானது. எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது ஏறத்தாழ ஆறால் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு நான்கு கிராமுக்கு மேல் வரும். அதுவும் பூப்பொடி அல்ல, வடித்தெடுத்த சாறு. பொட்டலப் பொடியின் ஒரு சிட்டிகைக்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை என்பதை வாங்குபவர் அறிய வேண்டும்.

சிறுகுறிஞ்சான் என்ற மற்றொரு மூலிகையை மனிதரிடம் துணிந்து சோதித்த பெருமை சென்னையில் இ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவுக்கு உரியது. அதன் இலையின் நீரில் கரையும் சாற்றை, ஜி.எஸ்.4 என்ற பெயரில், நாளுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் 27 பேர் ஓர் ஆய்விலும், மாத்திரை எடுக்கும் 22 பேர் மற்றோர் ஆய்விலும் இருந்தார்கள். 1990இல் முடிவுகள் வெளியாயின. 18 முதல் 20 மாதங்களில் அந்த 22 பேரில் ஐவரால் மாத்திரையை விட முடிந்தது. தமிழகம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வேண்டிய பணி இது. ஆனால் சாறு பெறுபவர் யார் என்பதை மறைத்து நடத்திய சோதனை அல்ல, ஆட்களும் குறைவு. நூற்றுக்கணக்கானோரிடம் அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

ஐரோப்பாவில் கலேகா என்ற செடியில் தொடங்கிய தேடல்தான் 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டேர்ன் கையில் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தானது. செடியிலிருந்து மாத்திரை வரை அத்தனை படிகளும் ஏறியதால் அது இன்று உலகெங்கும் கிடைக்கிறது.

அன்பர்களே, மூலிகை எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.