யாருக்காக எழுதப்படும் எண்? ஜாவாஸ்கிரிப்டில் எண் வடிவமைப்பும் மாற்றமும்

ஜாவாஸ்கிரிப்டில் எண்கள் தரும் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் சொல்லப்படுகிறது. 0.1, 0.2 ஆகியவற்றைக் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது, ஆகவே மிதவைப் புள்ளிக் கணக்கே கோளாறானது என்பது அந்த வாதம். ஆனால் 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தின் 64 பிட் வடிவம் ஜாவாவிலும் பைத்தானிலும் உண்டு. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய இந்த மொழி, முழு எண்ணுக்கென்று தனி வகை வைக்காமல் அந்த ஒரே வடிவத்தை எல்லா எண்களுக்கும் எடுத்துக்கொண்டது. கணக்குமுறையில் வேறுபாடு அவ்வளவே. அன்றாட நிரல்களில் காணும் பிழைகள் பலவும் கணக்கில் பிறப்பவை அல்ல, எண் சரமாகவும் சரம் எண்ணாகவும் மாறும் இடத்தில் பிறப்பவை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தச் சரத்தை வாசிக்கப்போவது இயந்திரமா, மனிதரா?

1. திரையில் தெரிவது எண்ணன்று

நிரலில் 0.1 என்று எழுதும்போது நினைவகத்தில் அமர்வது 0.1000000000000000055 என்று தொடங்கி நீளும் ஓர் இரும மதிப்பு. அதைத் திரும்ப அச்சிடச் சொன்னால் 0.1 என்றே வருகிறது. பொய் சொல்வதற்காக அல்ல. மீண்டும் வாசித்தால் அதே மதிப்பு கிடைக்கும்படியான மிகக் குறைந்த இலக்கங்களைத் தருவது டூஸ்ட்ரிங் செயற்கூற்றின் விதி. 0.1உடன் 0.2ஐக் கூட்டி வரும் மதிப்பு, 0.3 என்ற பெயருக்குரிய மதிப்புக்கு அடுத்ததாக உள்ள வேறொரு மதிப்பு. இரண்டையும் பிரித்துக் காட்ட 17 இலக்கங்கள் தேவைப்படுகின்றன. ஆக, நம்மைத் திடுக்கிட வைக்கும் அந்த நீண்ட சரம் இயந்திரம் இயந்திரத்துக்கு எழுதிய துல்லியமான குறிப்பு. அதை விலைப்பட்டியலில் அப்படியே காட்டியதுதான் தவறு.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 2012இல் முதற்பதிப்பு கண்ட எக்மா-402 தரத்தின் இன்டல் தொகுதி. 1234567.5 என்ற ஒரே மதிப்பை அது இந்திய வழக்கில் 12,34,567.5 என்றும், அமெரிக்க வழக்கில் 1,234,567.5 என்றும், ஜெர்மானிய வழக்கில் 1.234.567,5 என்றும் எழுதும். கேட்டுக்கொண்டால் ௧, ௨, ௩ என்ற தமிழ் இலக்கங்களிலும் தரும். இவை மனிதருக்கானவை, ஒருவழிப் பாதை. தமிழ் இலக்கச் சரத்தை, சரத்தை எண்ணாக்கும் நம்பர் செயற்கூற்றிடம் கொடுத்தால் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் நேன் மதிப்பே திரும்பும்.

2. இரண்டுங்கெட்டான் வடிவங்கள்

பிழைகள் விளைவது இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில். எண்ணைக் குறித்த தசம இடங்களுக்குச் சுருக்கி எழுதும் டூஃபிக்ஸ்ட் செயற்கூறு இலக்கங்களை வெட்டுவதால் மூல மதிப்பை மீட்க முடியாது. காற்புள்ளிகளையோ வட்டார வழக்கையோ அறியாததால் மனிதருக்கும் முழுமையாகப் பொருந்தாது. ஆனால் பார்வைக்கு அது நிரலில் எழுதும் எண்ணைப் போலவே இருக்கிறது. அதனால் அதைத் திரும்பவும் கணக்கில் நுழைக்கிறார்கள். 100ஐ இரண்டு தசம இடங்களுக்கு வடிவமைத்து அதனுடன் 18 வரியைக் கூட்டினால் 118 வராது. ஒட்டிய சரமாக 100.0018 வரும். அதுவும் எண்போலவே தோன்றுவதால் அடுத்த கட்டம் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறது. 1.005ஐ இரண்டு இடங்களுக்குச் சுருக்கினால் 1.01க்குப் பதில் 1.00 வருவதும் அடிக்கடி கேட்கும் புகார். உள்ளே இருப்பது 1.00499999999999989 என்பதால் டூஃபிக்ஸ்ட் சொன்னதே சரி. நம்மை ஏமாற்றியது 1.005 என்று காட்டிய சுருக்கப் பெயர்.

வாசிப்புத் திசையிலும் இதே நடுநிலம் உண்டு. நம்பர் செயற்கூறு கண்டிப்பானது, 12,34,567.5 என்ற சரத்தைக் கண்டால் நேன் என்று மறுத்துவிடும். வெற்றுச் சரத்தைப் பூஜ்யமாக ஏற்பது அதன் பலவீனம். பார்ஸ்ஃப்ளோட் செயற்கூறோ புரிந்தவரை வாசித்துவிட்டு நின்றுகொள்ளும். மேற்சொன்ன இந்தியச் சரத்திலிருந்து 12ஐயும், ஜெர்மானியச் சரத்திலிருந்து 1.234ஐயும் அது எடுத்துத் தரும். மறுப்பு உடனே கண்ணில் படுகிறது. இந்த மௌனமான இணக்கம் கணக்குப் புத்தகம் வரை போய்ச் சேர்கிறது.

3. மறுப்புகள்

பார்ஸ்ஃப்ளோட்டின் தாராளத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பக்க அலங்காரத்தில் வரும் 12பிஎக்ஸ் போன்ற அளவுகளிலிருந்து எண்ணை எடுக்க அது உதவுகிறது. ஆனால் அங்கே சரத்தை எழுதியது உலாவி. அதன் வடிவம் முன்கூட்டியே தெரியும். மனிதர் தட்டச்சு செய்ததற்கு அந்த உறுதி இல்லை.

2020இல் வந்த பிக்இன்ட் வகை சிக்கலைத் தீர்க்கிறது என்பார் உளர். 64 பிட் வடிவம் பிசகாமல் தாங்கும் எல்லையான 9007199254740991க்கு மேற்பட்ட முழு எண்களுக்கு அது மெய்யான தீர்வு. எனினும் ட்விட்டர் 2010இல் தன் பதிவு அடையாள எண்கள் அந்த எல்லையைத் தாண்டவிருந்தபோது, அவற்றைச் சரமாகவும் சேர்த்து அனுப்பியது. யாரும் கூட்டவோ பெருக்கவோ போகாத அடையாளத்தை எண்ணாக மாற்றவே வேண்டியதில்லை என்பதை அது உணர்த்துகிறது. எந்த வகை என்பதற்கு முன்னால் எதற்காக மாற்றுகிறோம் என்பது வருகிறது.

4. முடிவு

சரம் நிரலுக்குள் நுழையும்போது ஒருமுறை, கண்டிப்பாகச் சோதித்து எண்ணாக்க வேண்டும். வெளியேறும்போது ஒருமுறை, வாசிப்பவருக்கேற்ப வடிவமைக்க வேண்டும். இடையில் எண் எண்ணாகவே இருக்க வேண்டும். பணமாயின் பைசாவில் முழு எண்ணாக இருப்பது நலம். உலாவியின் எண் உள்ளீட்டுப் பெட்டி இந்தப் பிரிவினையைப் பின்பற்றுகிறது: பயனருக்கு எந்த வழக்கில் காட்டினாலும் நிரலுக்குப் புள்ளியிட்ட ஒரே வடிவத்தைத் தருகிறது.

இன்டல் தொகுதி எண்ணை எழுதித் தருகிறதே ஒழிய, எழுதியதைத் திரும்ப வாசிக்கும் வசதி அதில் இல்லை. இதைக் குறை என்போர் உண்டு. 1.234 என்பது ஜெர்மானியருக்கு ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு, இந்தியருக்கு ஒன்றேகாலுக்கும் சற்றுக் குறைவு. எழுதியவர் யார் என்று தெரியாமல் அந்தச் சரத்துக்கு மதிப்பே கிடையாது. தெரியாததை ஊகித்துச் சொல்லும் செயற்கூறு ஒன்றைச் சேர்க்காமல் விட்டதில் இன்டல் தன் எல்லையைச் சரியாகவே வகுத்திருக்கிறது.