முட்டுக்கட்டையிலிருந்து ஏபிஎஸ் வரை

நல்ல காரியத்துக்குக் குறுக்கே வருகிறவரை ‘முட்டுக்கட்டை போடுறான்’ என்று திட்டுகிறோம். தேரோடும் வீதியில் அந்தக் கட்டைக்கு இருக்கிற மரியாதையே வேறு. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றி வரும்போது கூட்டத்தின் கண் பெருமாள் மீதும் வடத்தின் மீதும் இருக்கும். கொஞ்சம் கீழே பாருங்கள். ஆப்பு மாதிரி சீவிய கனமான மரக்கட்டையோடு சிலர் சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவார்கள். தேருக்கு பிரேக்கும் அவங்கதான், ஸ்டியரிங்கும் அவங்கதான்.

அவர்கள் செய்வதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். கட்டையை ஒரேயடியாகத் திணித்துச் சக்கரத்தை நிறுத்திவிடுவதில்லை. வைப்பார்கள், வேகம் குறையும், எடுப்பார்கள், மறுபடி வைப்பார்கள். எந்தச் சக்கரம், எவ்வளவு நேரம் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மூலை திரும்பணும்னா ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை. சக்கரத்தைப் பார், அளவாகப் பிடி, விடு, திரும்பவும் பிடி: இன்றைக்கு நம் வண்டிகளில் இருக்கும் ஏபிஎஸ் செய்வதும் இந்த வேலைதான்.

பிரேக்கின் வேலை சக்கரத்தை நிறுத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நிறுத்த வேண்டியது வண்டியை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்க ஆரம்பித்தால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. தார் ரோட்டில் டயரின் பிடி அதிகமாக இருப்பது, அது உருண்டுகொண்டே சுமார் 10 முதல் 20 சதவீதம் மட்டும் வழுக்கும் நிலையில்தான். அந்த எல்லையிலேயே சக்கரத்தை வைத்திருப்பதுதான் வித்தை.

இந்த வித்தையை இயந்திரத்துக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கார்க்காரர்கள் அல்ல, விமானக்காரர்கள். ஈர ஓடுதளத்தில் சக்கரம் பூட்டினால் டயர் வெடிக்கும். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் ‘மேக்ஸரெட்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. உள்ளே ஒரு சின்ன கனச்சக்கரம் விமானச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பெரிய சக்கரம் திடீரென்று வேகம் இழந்தால், சின்னது பழைய வேகத்திலேயே முந்திச் சுற்றி ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். 1966இல் நாலு சக்கர இழுவையுள்ள ஜென்சன் எஃப்எஃப் காரில் இதே கருவி வந்தது. 1978இல் பாஷ் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏறிய பிறகுதான் மற்ற கார்களுக்கும் மெல்லப் பரவியது.

ரயிலிலும் இதே சிக்கல் உண்டு. சக்கரம் பூட்டித் தண்டவாளத்தில் வழுக்கினால் இரும்பு ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தடக், தடக்’தான். நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி 1928 முதல் இயங்கும் பொன்மலை பணிமனை போன்ற இடங்களில், அப்படித் தேய்ந்த சக்கரங்களைக் கடைந்து சரிசெய்வது பழைய வேலை. இன்றைய எல்எச்பி பெட்டிகளிலோ ஒவ்வொரு அச்சின் வேகத்தையும் ஒப்பிட்டு, பூட்டப் போகும் அச்சில் மட்டும் காற்றழுத்தத்தை விடுவிக்கும் அமைப்பு இருக்கிறது.

தேருக்கும் புது பிரேக் வந்தது. சுமார் 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் தொழிற்சாலை. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. அழுத்தத்தை இயந்திரம் கொடுக்கும், சக்கரத்தைப் பார்க்க ஒரு கண் வேண்டும் இல்லையா?

காரில் அந்தக் கண் சக்கரத்தின் பக்கத்தில் இருக்கிற சென்சார். பழைய நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது இதுதான். பல் வெட்டிய வளையம் ஒன்று சக்கரத்தோடு சுற்றும், எதிரே காந்தச் சென்சார் நின்று பல்லை எண்ணும். சேறு, துரு, காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூள், ஆட்டம் கண்ட பேரிங், கல் பட்டு உரசிய ஒயர் என்று எது வந்தாலும் கணக்கு தப்பும்.

ஒரு முக்கிய அறிகுறி: காய்ந்த ரோட்டில், வண்டி நிற்கப்போகிற கடைசி நொடியில் பெடல் ‘கடகட’ன்னு காலை உதைக்கும். பழைய வகைச் சென்சாரின் மின்சைகை வேகம் குறையக் குறைய வலுவிழக்கும். துரு பிடித்த பக்கத்தில் மற்றதைவிட முன்னதாகவே அறுந்துபோகும். கம்ப்யூட்டர் ‘ஆஹா, இந்தச் சக்கரம் பூட்டிடுச்சு’ என்று நினைத்து பிரேக்கை விட்டுவிடும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி ரெண்டு அடி தள்ளிப் போகும்.

அதனால் விலை உயர்ந்த ஏபிஎஸ் யூனிட்டை மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். ஃபியூஸ், பேட்டரி வோல்டேஜ், பிரேக் ஆயில், நான்கு டயரும் ஒரே அளவா என்பதை முதலில் பாருங்கள். ஸ்கேனரில் எந்தச் சக்கரம் என்று தெரிந்ததும் அங்கே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு இடது, வலது சென்சார்களை மல்டிமீட்டரில் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். நல்ல ஜோடி கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டும். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. காவிரி, கொள்ளிடம் மணலில் இறங்கினால் கணக்கே தலைகீழ். தளர்ந்த மணலில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவித்துத் தனக்குத் தானே முட்டுக்கட்டை போட்டுக்கொள்ளும், சீக்கிரம் நிற்கும். ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிப்பதால் அந்தக் குவியல் சேராது, வண்டி கூடுதல் தூரம் போகும். இதற்காகவே சில வண்டிகளில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால் ஏபிஎஸ் அணைந்து விளக்கு எரியும். அது பழுது இல்லை.

1 ஏப்ரல் 2019 முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில்தான் ‘பல்பைக் கழட்டிட்டா போதும் சார், தொல்லை இல்லை’ என்ற வைத்தியம் நடக்கிறது. வண்டியை அடுத்து வாங்குகிறவருக்குத் தன் வண்டியில் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்பதே தெரியாது. மழை நாளில், கொள்ளிடம் பாலத்து இறக்கத்தில், முன்னால் போகிற பஸ் சடாரென்று நிற்கும்போதுதான் தெரியும். சக்கரத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் தேரை நிலையிலிருந்து கிளப்ப ஸ்ரீரங்கத்தில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.