வடக்கின் பெருஞ்சமர்: இம்முறை யார் வெல்வார்?

புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாடல்கள் நக்கண்ணையார் பாடியவை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மேல் அவர் கொண்ட காதலைச் சொல்லும் பாடல்கள் என்றே வகுப்பறையில் நடத்திப் பழகியிருக்கிறோம். ஆனால் 85ஆம் பாடலில் வேறொன்றும் இருக்கிறது. களத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு தரப்பு. இல்லை என்கிறது மறுதரப்பு. பாடும் பெண்ணோ ஒரு பனையின் அடியில் நின்று அவன் வெல்வதைத் தன் கண்ணால் காண்கிறாள். ஆட்டக்களத்தின் ஓரத்தில் நின்று முடிவைப் பற்றி வாதிட்டவர்கள் குறித்துத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்று.

எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் கபடி ஆட்டம் என்றால், தரையில் கோடு கிழிக்கும் முன்பே தேநீர்க் கடையில் முடிவு அறிவிக்கப்பட்டுவிடும். புரட்டாசியில் வானம் பார்த்து விதைப்பவர்களுக்குக் கணிப்பு ஒன்றும் புதிதல்லவே! ஆயினும் நாம் அறிந்தவர்களுள் தலைசிறந்த கணிப்பாளர் இந்த மண்ணில் பிறந்தவர் அல்லர்.

அருப்புக்கோட்டையை அடுத்த குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. அங்கிருந்து வந்து நம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருவரின் தாத்தா, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர். 1990இல் கடல் கடந்து வந்தவர். ஒவ்வோர் ஆண்டும் மாசி பிறந்துவிட்டால் அவர் பேச்சு முழுவதும் ஒரே ஆட்டத்தைப் பற்றியதாக மாறிவிடும். "இந்த முறை சென்றல்தான் சேர். சென் ஜோன்ஸ்காரர் முதல் இனிங்ஸிலை நிண்டு ஆடுவினம், ரெண்டாவதிலை விழுந்திடுவினம்" என்பார். இரு அணிகளின் தலைவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டோம். "அது எனக்கெப்பிடித் தெரியும்?" என்று சிரித்தார். ஆடும் பையன்களில் ஒருவர் பெயரையும் அறியாமல் ஆட்டத்தின் முடிவைச் சொன்ன மனிதர் அவர். இக்கட்டுரை அவரிடமிருந்து தொடங்குகிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இலங்கையில் கல்லூரி என்று பெயர் தாங்கி நிற்பவற்றுள் பல உயர்நிலைப் பள்ளிகளே. ஆங்கிலேயப் பள்ளி, பல்கலைக்கழக மரபிலிருந்து அவை எடுத்துக்கொண்டவற்றுள் முதன்மையானது கல்லூரிகளுக்கு இடையிலான ஆண்டுப் போட்டி. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கிரிக்கெட்டில் முதன்முதலில் மோதியது 1827இல். அமெரிக்காவில் ஹார்வர்டும் யேலும் கால்பந்தில் சந்தித்தது 1875இல். கொழும்பில் இராயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் இடையிலான ஆட்டம் 1879இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் முதன்முதலில் களம் கண்ட ஆண்டு 1904. 'வடக்கின் பெருஞ்சமர்' என்று இன்று அறியப்படுவது அந்த ஆட்டமே. அது நூறு ஆட்டங்களைக் கடந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

இவ்விரு கல்லூரிகளும் தமிழ் படிப்போர்க்கு அயலானவை அல்ல. மத்திய கல்லூரி 1816இல் வெசுலியன் மிஷனரிமார் தொடங்கிய பள்ளியின் வளர்ச்சி. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) அப்பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கி, பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். 1848இல் அப்பணியைத் துறந்து சைவப் பணிக்குச் சென்றார். பரியோவான் கல்லூரியோ 1823இல் அதே நல்லூரில் ஜோசப் நைட் என்ற ஆங்கிலத் திருச்சபைப் போதகர் நிறுவியது. பின்னர் சுண்டிக்குளியில் நிலைகொண்டது. பாடநூல்களிலும் சபைகளிலும் தொடங்கிய போட்டி, சில தலைமுறைகள் கழிந்தபின் மட்டையையும் பந்தையும் எடுத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

பெரும்பாலும் மத்திய கல்லூரி மைதானத்தில், மார்ச்சு வெயிலில், மூன்று நாள் நடக்கும் ஆட்டம் இது. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு இனிங்ஸ். பழைய மாணவர்கள் இலண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் விடுமுறை எடுத்து வருகிறார்கள். வாத்தியங்களும் கொடிகளுமாக மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள்.

இத்தகைய ஆட்டத்தைக் கணிப்பது கடினம். நாட்டு அணிகளைப்போலப் பள்ளி அணி நிலையானதன்று. சென்ற ஆண்டு ஐந்து விக்கெட் எடுத்தவன் இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் இருப்பான். பருவம் முழுவதும் நன்றாக ஆடிய பதினேழு வயதுப் பையன், ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும் முதல் காலையில் முதல் பந்திலேயே வெளியேறுவதும் உண்டு. முதல் இனிங்ஸில் முன்னிலை பெற்ற அணி தோற்காமலிருக்கவே ஆடும். அதனால் வெற்றி தோல்வியற்ற முடிவுக்கும் எப்போதும் இடமுண்டு. ஆண்டுக்காண்டு நிலைத்திருப்பவை இரு கல்லூரிகளின் பெயர்கள் மட்டுமே. முகாமுக்காரர் பெயர்களை மட்டும் வைத்துக் கணித்தது அத்தனை பிழையான முறையன்று.

சமர் என்ற சொல்லைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கொழும்பு ஆட்டம் நீலங்களின் சமர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் புனித பத்திரிசியார் கல்லூரியும் மோதுவது பொன் அணிகளின் போர். யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் ஆடுவது இந்துக்களின் போர். விளையாட்டுக்குப் போரின் பெயரைச் சூட்டி மகிழ்ந்த அந்த ஊருக்கு உண்மையான போரே வந்து சேர்ந்தது. 1981இல் மத்திய கல்லூரிக்கு அருகிலுள்ள யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1985 ஜூனில் பரியோவான் கல்லூரி அதிபர் சி. இ. ஆனந்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கை இராணுவத்தினருடன் தம் மாணவர்கள் கிரிக்கெட் ஆட ஏற்பாடு செய்ததே காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. சுட்டவர்கள் தமிழ் ஆயுத இயக்கத்தவர் என்பதும் அவ்வாறே சொல்லப்பட்டது. பந்தும் மட்டையும் ஒரு மனிதரின் உயிரைக் கேட்ட காலம் அது. 1990இல் மைதானத்துக்கு அருகிலுள்ள கோட்டை முற்றுகைக்குள்ளானது. 1995 அக்டோபர் இறுதியில் நகரமே காலியாயிற்று. 1999இல் துரையப்பா விளையாட்டரங்கைச் சீரமைக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன.

இடையில் சில ஆண்டுகள் ஆட்டம் நடக்கவில்லை. வியப்பு அதில் இல்லை. அந்தச் சில ஆண்டுகள் நீங்கலாக ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது என்பதே வியப்பு. அக்காலத்தில் யார் வெல்வார் என்பது இரண்டாவது கேள்வி. இந்த ஆண்டு ஆட்டம் உண்டா என்பதே முதற்கேள்வி.

இதை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஓராண்டு ஆட்டம் முடிந்தபின் இணையத்தில் முடிவைத் தேடிப் பார்த்து, முகாமுக்குச் சென்றபோது பெரியவரிடம் சொன்னோம். அவர் கணிப்புப் பொய்த்திருந்தது. ஆசிரியத் தொழிலின் பழக்கம், பிழையைச் சுட்டும்போது குரலில் ஒரு சிறு மகிழ்ச்சி வந்துவிட்டது. அவர் கொஞ்சமும் வருந்தவில்லை.

"ஆட்டம் நடந்ததுதானே சேர்?" என்று கேட்டார்.

நடந்தது என்றோம். "அப்ப சரி" என்றார்.

அவர் ஊர் திரும்பாமலே காலமானார். நக்கண்ணையாரின் பாடலில் அந்தப் பெண் பனையருகே நின்று வெற்றியைக் கண்டாள். இவர் பனைகள் நிறைந்த தம் ஊரைவிட்டு வந்து, கரிசல் வெளியில் நின்றபடி, காணாத ஆட்டத்தின் வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரு கல்லூரிகளும் அடுத்துச் சந்திக்கும் மார்ச்சுக்கு நம் கணிப்பையும் எழுதிவைக்கிறோம். பரியோவான் முதல் இனிங்ஸில் நின்று ஆடும், இரண்டாவதில் விழும். மத்திய கல்லூரி வெல்லும். அணித்தலைவர்கள் யார் என்று நம்மைக் கேட்க வேண்டாம். கணிப்புப் பொய்த்தாலும் நமக்கு வருத்தமில்லை. ஆட்டம் நடந்தால் போதும்.