பிள்ளையின் நோயும் ஒரு நாட்பேரும்



பதுளைக்குப் புகைவண்டி வந்து சேர்ந்தது 1924 ஆம் ஆண்டில். தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அம்மலைப் பாதையின் தலையாய நோக்கம். ஆயினும், அதே வண்டியில், நோயுற்ற குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு கொழும்புச் சிறுவர் வைத்தியசாலைக்குச் சென்ற பெற்றோரும் உளர். தோட்ட வரலாறுகளில் விளைச்சலும் விலையும் இடம்பெற்ற அளவுக்கு அவர்கள் இடம்பெறவில்லை. இன்று அவர்களைப் பற்றிச் சிறிது பேச விழைகிறேன்.

தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி வேண்டும் என்னும் சட்டம் 1872 இல், கோப்பிக் காலத்திலேயே பிறந்துவிட்டது. அது திருத்தங்கள் பல பெற்று, 1912 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமாக உருக்கொண்டது. தோட்டத் துரையின் கடமைகளை அது எடுத்துரைக்கிறது. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும். நோயுற்றோர் எவரென அறிந்து உடனே உதவுதல் வேண்டும். நோய் கடுமையாயின் வைத்தியரை அழைப்பித்தல் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு 30 நாள் உணவும் உறையுளும் அளித்தல் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் போஷாக்கும் பெறுமாறு கவனித்தல் வேண்டும். ஏட்டளவில் நோக்கின் இது குறைவான சட்டமன்று. ஏட்டுக்கும் லயத்துக்கும் இடையே எத்தனை மைல் என்பது வேறு கதை.

நமக்கு எழும் வினா இதுதான். பசறையிலோ மடுல்சீமையிலோ நான்கு வயதுப் பிள்ளையொன்று மூன்று வாரம் காய்ச்சலிற் கிடந்தால், அதன் தாய் என் செய்வாள்? சட்டம் மருந்தைப் பற்றிப் பேசிற்று. அம்மருந்தை வேளை தவறாது ஊட்டுவதற்கு ஒருவர் காம்பராவில் இருக்க வேண்டுமே, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

தோட்டத்து வழக்கிலே ‘பேர்’ என்றால் ஒரு நாட் கூலி. விடியற்காலைப் பெரட்டுக்குச் சென்று, கொழுந்து பறித்து, கணக்கப்பிள்ளை செக்றோலிற் குறித்தாற்றான் பேர். 1939 ஆம் ஆண்டின் சட்டம் பிரசவச் சகாயநிதியை வழங்கிற்று. பெற்றெடுக்கும் தாய்க்கு அது துணையாயிற்று. பெற்ற பிள்ளை பின்னர் நோயிற் படுத்தபோதோ, அருகிருந்தவளுக்குப் பேர் விழவில்லை. 1992 இல் தோட்டங்கள் தனியார் நிருவாகத்துக்குச் சென்ற பின்னரும் நிலை பெரிதும் மாறிற்றில்லை. 2019 ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன்பு, கூட்டு ஒப்பந்தத்தில் ‘வருகைக் கொடுப்பனவு’ என்று ஒன்று இருந்தது. வேலை நாள்களில் நூற்றுக்கு 75 வீதம் வந்தோர்க்கே அது உரியது. ஆகவே, பிள்ளையுடன் வைத்தியசாலையில் தங்கிய தாய் அந்நாட்களின் கூலியோடு, வேலை செய்த நாட்களுக்குரிய கொடுப்பனவையும் இழக்க நேரிட்டது.

பிள்ளைமடுவம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் அது ஓடியாடும் பிள்ளைகளுக்கு உரிய இடம். தொற்று நோயுற்ற பிள்ளையை அங்கே விடுதல் ஏனைய பிள்ளைகளுக்குக் கேடு. ஆயாவைக் குறை கூறுவதற்கில்லை.

பின் யார் துணை? பெரும்பாலும் லயமே துணை. அடுத்த காம்பராவிலுள்ள பெரியம்மா மற்றப் பிள்ளைகளுக்குச் சோறிடுவாள். வேலைக்குப் போக இயலாத பாட்டி நோயாளியின் அருகில் அமர்வாள். பஸ் காசு கைமாற்றாக வரும். தோட்டங்கள் தோறும் மரண உதவிச் சங்கங்கள் உண்டு; மாதந்தோறும் சந்தா சேர்த்து, சாவு வீட்டுக்குப் பணம் கொடுப்பார்கள். பிள்ளை இறந்தால் உதவும் முறை நன்கு அமைந்திருந்தது. பிள்ளை உயிரோடு போராடும் மாதங்களுக்கு அத்தகைய முறை அமையவில்லை.

இங்கிலாந்தில் 1959 இல் சேர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும், சிறு குழந்தையுடன் தாய் தங்குவதற்கு வசதி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அங்கே வாயிற்கதவு திறக்க வேண்டியிருந்தது. நம் மலைநாட்டிலோ, கதவு திறந்திருந்தாலும் உள்ளே தங்குவதற்குக் கையிற் காசு வேண்டும்.

மொழியும் ஒரு தடை. 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. தமிழும் ஆட்சிமொழி என அரசியலமைப்பு ஏற்றது 1987 இலேதான். இடைப்பட்ட 31 ஆண்டுகளில், பிள்ளையின் நோய் யாதென எழுதிய சிங்களத் துண்டுச்சீட்டை ஏந்தி, வாசித்துச் சொல்ல ஆள் தேடிய தந்தையர் எத்தனை பேரோ! வார்ட்டிலே துப்புரவு செய்யும் தமிழ்த் தொழிலாளி, அடுத்த கட்டில் நோயாளி, சில வேளை இரு மொழியும் பழகிய பத்து வயதுச் சிறுவன், இவர்களே மொழிபெயர்ப்பாளர். தன் தங்கைக்கு இனி எவ்வளவு காலம் என்பதை, அச்சிறுவனே தாய்க்குச் சொல்ல வேண்டியிருந்தது.