நெல்முளையும் செர்ரிக்கனியும்

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட நிலம் இன்று தொழிற்சாலைகளின் நிலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும் 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பெயர்பெற்ற தொண்டை நாட்டின் இப்பகுதியில்தான் நாம் பங்குப்பணி ஆற்றி வருகிறோம். மூன்று வேளைப் பணிமாற்றத்திற்கு ஏற்ப ஞாயிறு திருப்பலியின் நேரத்தை எத்தனை முறை மாற்றினோம் என்பது நமக்கே மறந்துவிட்டது.

சென்ற ஆண்டு பாஸ்காக் காலத்தில், பணியின் பொருட்டு பெல்ஜியம் சென்று திரும்பிய நம் பங்கின் பொறியாளர் ஒருவர், தம் தந்தையுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். துணியில் சுற்றிய கனத்த புட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். தக்கை அடைத்துக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. "சாமி, இது செர்ரிப்பழம் போட்ட பீர். அங்கே சின்னச் சின்ன ஆலையில பழைய முறைப்படி செய்றாங்க. நீங்க ஒரு வாய் பார்க்கணும்" என்றார். அவருடைய தந்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய மாதந்தான் தவக்கால மறையுரையில் மதுவைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருந்தோம்.

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. வாசலைச் சாத்திவிட்டு வருமாறு இளைஞரிடம் சொன்னோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

அந்நாட்டில் இவ்வகைப் பானத்திற்கு லாம்பிக் என்று பெயர். செர்ரிக்கனி சேர்த்தால் க்ரீக். பிரசெல்சு நகரின் தென்மேற்கே சென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதையடுத்த பாயோட்டன்லாந்திலும் இது செய்யப்படுகிறது. முளைவிட்ட வாற்கோதுமையையும் முளைவிடாத கோதுமையையும் கலந்து காய்ச்சிய சாற்றை, குளிர்காலத்து இரவில் அகன்ற ஆழமற்ற தொட்டியில் திறந்து வைத்துவிடுகிறார்கள். ஈஸ்ட் எதையும் அவர்கள் சேர்ப்பதில்லை. காற்றிலும் பழைய மரக்கூரையிலும் பீப்பாய்களிலும் வாழும் நுண்ணுயிர்களே வந்து அதைப் புளிக்கச் செய்கின்றன. மரப்பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடக்கும். கொட்டையோடு புளிப்புச் செர்ரிகளைப் போட்டால் மேலும் சில மாதங்கள். நொதித்தல் உயிர்களின் செயல் என்பதை லூயி பாஸ்டர் ஆய்ந்து, பீரைப் பற்றித் தனி நூலே எழுதி 1876இல் வெளியிட்டார். அதற்கு மிக முன்பிருந்தே அவ்வூர் மக்கள், காரணம் அறியாமலே, காற்றை நம்பிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வாங்கித்தரும் பழச்சாறு போல் இனிக்கும் என்று எண்ணியிருந்தோம். நிறம் அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது, மாணிக்கச் சிவப்பு. வாயில் வைத்ததும் புளித்தது. அந்தப் புளிப்பு நமக்குப் புதிதன்று. மண்கலயத்தில் இரவு முழுதும் ஊறிய பழஞ்சோற்றின் நீராகாரத்தில், விடியற்காலையில் நம் பாட்டி உப்புக்கல் போட்டுக் கொடுப்பாரே, அந்தப் புளிப்பு. அதன்பின்னரே கனி வந்தது. கடைசியாக, செர்ரிக்கொட்டை தரும் வாதுமை மணமும் ஈர மரத்தின் வாடையும். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்யாகும்.

நீராகாரத்தின் நினைவு வந்ததில் வியப்பில்லை. இரண்டிலும் புளிப்பைத் தருபவை பெரும்பாலும் ஒரே குடும்பத்து நுண்ணுயிர்கள். ஆனால், அன்றிரவு நம்மை உறங்கவிடாதது வேறொரு நினைவு. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குச் செல்லும் வழியைச் சொல்லும்போது வலைஞர் குடியிருப்பு ஒன்றைக் காட்டுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, நல்லடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த மதுவை, சுட்ட மீனோடு விருந்தினருக்குத் தருகிறார்கள். நல்லடை என்பதை நெல்முளையை இடித்துச் செய்தது என்று பொருள்கொள்வர். புற்றினுள் இருக்கும் குரும்பி போன்ற தோற்றம் அதற்கு உண்டு என்கிறார் புலவர்; கண்ணால் கண்டவரே இப்படி எழுத முடியும். தானியத்தை முளைக்கவிட்டால் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும், பின்னர் அது நொதிக்கும் என்பதே பீர் செய்முறையின் அடிப்படை. அது நம் தொண்டை நாட்டுக் குடிசையில் அன்றே இருந்தது.

கனியும் நமக்குப் புதிதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் ஒரு மயில் பாறைச்சுனையின் நீரைக் குடிக்கிறது. அது நீரன்று, மாங்கனியும் பலாவும் தேனும் விழுந்து தாமே முதிர்ந்த தேறல். குடித்த மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் பெண்ணைப்போலத் தளர்கிறது. சென்னேப் பள்ளத்தாக்கின் திறந்த தொட்டியும் குறிஞ்சியின் சுனையும் ஒரே கதைதான். இப்போது பெங்களூர்ச் சிற்றாலைகளில் மாம்பழப் பருவத்தில் மாம்பழ பீர் கிடைப்பதாக நம் இளைஞர்கள் புதுமைபோலச் சொல்கிறார்கள்.

திரு அவையின் வரலாறும் இங்கே ஒரே குரலில் பேசவில்லை. பூவிருந்தவல்லிக் குருமடத்தில் படித்தபோது புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலில் நாற்பதாம் அதிகாரம் நமக்குச் சிரிப்பூட்டியதுண்டு. துறவிகளுக்குத் திராட்சை இரசம் ஆகாது என்று சொல்லத்தான் அவருக்கு விருப்பம். இக்காலத்துத் துறவிகள் கேட்கமாட்டார்கள் என்பதால், நாளொன்றுக்கு ஒரு சிறு அளவு போதும் என்று இறங்கிவருகிறார். பின்னாளில் பெல்ஜியத்தின் டிராப்பிஸ்டு மடங்கள் பீர் விற்றே தங்கள் செலவையும் அறப்பணிகளையும் நடத்தின. ஆனால் நம் கரையில் புனித சவேரியார், 1544இல் தம் உடன்உழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், அரக்குக் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் காவலும் விதிக்கச் சொல்கிறார். ஆண்களை விட்டுப் பெண்களை மட்டும் ஏன் சொன்னார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

வலைஞரின் சாடியிலிருந்து நம் காலத்துக் கடைவாசல் வரையுள்ள வழி நீண்டது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுமைக்கும் ஆயிற்று, 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்து மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள் தடைசெய்யப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. வீட்டில் பிழிந்து விருந்தினருக்கு ஊற்றியது போய், சம்பள நாளில் சாலையோரம் நின்று அவசரமாக விழுங்குவது வந்தது. வீட்டிலிருந்து ஆயிரம் கல் தொலைவில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்கள் அவ்வரிசையில் நிற்பதைக் காணும்போது, மறையுரையில் பேசிய கடுமை நமக்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதே குடியால் இறந்தவர்களை நாம் அடக்கமும் செய்திருக்கிறோம். அப்போது கடுமை திரும்பிவிடுகிறது.

நம் இல்லத்தில் சமைக்கும் அம்மாளின் கணவர் அப்படி இறந்தவர். மறுநாள் காலை மூன்று கண்ணாடிக் குவளைகளையும் அவர்தாம் கழுவினார். புட்டியை ஒளித்துவைக்க நமக்கு நேரம் வாய்க்கவில்லை. என்ன சொல்வாரோ என்று செபநூலை விரித்தபடி காத்திருந்தோம். ஒரு குவளையை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன சாமி இது, பழஞ்சோத்துத் தண்ணி வாடை அடிக்குது?"

பீர் என்று சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குவளைகளைக் கவிழ்த்துவிட்டு, புட்டியை மூன்று முறை வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவினார். மறுபடியும் மோந்து பார்த்தார். கண்ணாடி நல்ல கனம், நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாம் என்று எடுத்துச் சென்றார்.